ஒரு நிமிடம், கூரை உட்பட

படத்தில் வருவது என் கொட்டகையின் கூரை.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
எடுத்தவள் ஊர்வே, எங்கள் பகுதிக்குத் தபால் கொண்டுவருபவள்.
பிப்ரவரி கடைசியில் ஒரு நாள்
மின்கட்டண ரசீதை நீட்டியவள் கையை எடுக்காமல்
"ஆவோ, உன் கூரையைக் கொஞ்சம் தருவாயா" என்றாள்.

வோரு நகரத்தில் போட்டியாம்.
படம் எடுத்துப் பிழைக்காதவர்களுக்கு மட்டும்.
அறுபது விநாடி. தலைப்பும் பெயர்களும் அதற்குள்ளேயே.
அறுபத்தொன்று என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
அவள் திட்டம்: கூரையில் பனி இருக்கும்,
இருக்கும், இருந்துகொண்டே இருக்கும்,
பிறகு இருக்காது.
அவ்வளவுதானா என்றேன்.
அவ்வளவுக்கே ஒரு நிமிடம் போதுமோ என்னமோ என்றாள்.

எனக்கு விதிகள் வந்தன.
கொட்டகையை ஒட்டிய சவுனாவில் தீ மூட்டக் கூடாது,
சூடு பட்டால் பனி இளகிவிடும்.
கதவை அறைந்து சாத்தக் கூடாது.
பதினோரு நாள் சமையலறையில் நின்று
ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டேன்,
கலைக்காக.
நாய்கூடத் தள்ளி உட்கார்ந்தது.

கடிதங்களை முடித்துவிட்டு இரண்டு மணிக்கு வருவாள்.
கவிழ்த்த வாளிமேல் கைபேசியை நிறுத்தி ஓடவிடுவாள்.
குளிரில் அது செத்துப்போகும்.
அக்குளில் வைத்து உயிர் கொடுப்பாள்.
ஏழாம் நாள் தெற்குச் சரிவு மொத்தமும்
மாடு படுப்பதுபோல் ஒரு பெருமூச்சோடு இறங்கியது.
கைபேசி அப்போது அக்குளில் இருந்தது.
தபால்காரர்களுக்கு அந்த வார்த்தை தெரியும் என்று
எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வாளியை வடக்குப் பக்கம் கொண்டுபோனோம்.

பதினோராம் நாள் கிடைத்தது.
காகம் வந்து அமர்வதிலிருந்து
கடைசிக் கட்டி தரை தொடுவது வரை
ஐம்பத்தொன்பதரை விநாடி.
தலைப்புக்கு மூன்று, பெயர்களுக்கு ஒன்றரை.
காகத்தை வெட்டேன் என்றேன்.
"அது என்னைக் கேட்டுக்கொண்டா வந்தது, வெட்ட?"
தலைப்பை வெட்டினாள்.
(நல்ல தலைப்பு. வெளியே சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)
பிறகு தன் பெயரை.
மிச்சமிருந்த அரை விநாடியில்
"கூரை: ஆவோ" என்று போட்டாள்.

ஏப்ரலில், பண்பாட்டு இல்லத்தில், முப்பத்தொரு படங்கள்.
இஸ்திரி போட்ட சட்டையில் போயிருந்தேன்.
பதினேழாவது எங்களுடையது.
"தலைப்பில்லாதது" என்று அறிவித்தார்கள்,
அநாதைக் கடிதத்தைச் சொல்வதுபோல.
காகம் வந்தது, யோசித்தது, போனது.
பின்வரிசையில் ஒரு குழந்தை
"படம் நின்னுபோச்சா" என்று கேட்டது.
நிற்கவில்லை.
விழுந்தபோது அது என் கூரையே இல்லை,
கடலில் சரியும் ஏதோ ஒரு கரை.
யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.
நான் தும்மினேன்.
நிமிர்ந்து பார்த்தால் பதினெட்டாவது படம்,
படிக்கட்டில் இறங்கும் ஒற்றைப் பட்டாணி.

பட்டாணிக்குத்தான் முதல் பரிசு.
குறை சொல்ல மாட்டேன், நன்றாக உருண்டது.
எல்லோருக்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள்.
தார்த்துவிலிருந்து வந்த நடுவர்
எங்களுக்கு எழுதியிருந்தது இரண்டே வார்த்தை:
கொஞ்சம் நீளம்.

திரும்பும் வழியில் ஆளில்லாத பேருந்து நிறுத்தத்தில்
வண்டியை ஓரம்கட்டினாள்.
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கினாள்.
சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.
அதுவும் கொஞ்சம் நீளம்.
வைப்பர் இரண்டு முறை சும்மா போய்வந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"உன் பெயர் தெரிந்ததா?
அரை விநாடி போதுமோ என்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லை."

தெரிந்தது என்றேன்.
எழுத்து பெரிதாகவே இருந்தது.