மூடாத சதுரம்

பீல் நகரில் ஒவ்வொரு தெருவுக்கும் பெயர் இரண்டு.
கனால்காஸ என்று கேட்டு நடந்தாலும்
ரூ து கனால் என்று கேட்டு நடந்தாலும்
கால் போய் மிதிப்பது ஒரே ஈரக் கல்லை.
இங்கே சதுரம் மூடிக்கொள்கிறது:
எந்த வழி சுற்றினாலும் சேரும் மூலை ஒன்று.
அம்புக்குறிகளின் கணிதத்தில்
முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

செவ்வாய். ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
உணவகத்தில் கோப்பை கழுவும் அருமைநாதன்
முழங்காலைத் தொட்டுச் சொல்கிறார்:
"உளையுது, தங்கச்சி."

நான் மொழிபெயர்ப்பாளர். மணிக்கு இவ்வளவு என்று கூலி.
டாக்டர் ஏபிஷருக்கு ஜெர்மனில் ஒன்று கொடுத்தேன்.
தாதி ஷொப்பாருக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது;
அவளுக்குப் பிரெஞ்சில் ஒன்று.
டாக்டர் தன் ஜெர்மனைத் தானே பிரெஞ்சாக்கி
அவளிடம் சொன்னபோது
அவள் பேனா நின்றது.
ஒரு வழியில் வந்த கால் கனத்தது,
மறுவழியில் வந்த கால் இழுத்தது.
அருமைநாதனின் கால்
மேசைக்கடியில், சப்பாத்துக்குள்.

கணிதத்தைப் பாதியில் விட்டவள் நான்.
விடாமல் ஒட்டிக்கொண்டது ஒன்று:
பொருளுக்குள்ளே எட்டிப் பார்க்காதே,
அதற்கு வரும் அம்புகளை எல்லாம் பார்,
அதுவே அது.
சந்திப்பு அட்டையின் பின்புறம் புள்ளி வைத்தேன்.
உளைவுக்கு
நாள் முழுக்க நின்ற காலிலிருந்து ஓர் அம்பு.
பிள்ளை பெற்ற இடுப்பிலிருந்து ஒன்று.
இறங்கினால் விடாத உளைச் சேற்றிலிருந்து ஒன்று.
பிறகு, அட்டை கிழியும் அளவுக்குத் தடித்து,
மனதிலிருந்து.

நான் கொண்டுபோன ஜெர்மன் சொல்லுக்கு
முதல் அம்பு மட்டும் வந்து சேர்ந்தது.
மற்றவை லிஃப்ட் வாசலில் நிற்கின்றன.

"என்னவாம்?" என்றார்.
திரும்பி வரும் அம்பு, போன அம்பின் மறுதலை அல்ல.
"கால் சோர்வாம், அண்ணை."
சிரித்தார்.
"சோர்வெண்டால் நித்திரை வருமே."

அதையும் கொண்டுபோனேன்.
நித்திரை
இரண்டு மொழியிலும் நேரே போய் விழுந்தது.
ஷொப்பார் எழுதியதை வெட்டினாள்.
ஏபிஷர் கணினியை விட்டு
முதன்முறையாகக் கதிரையை அவர் பக்கம் திருப்பி
"எத்தனை நாளாக?" என்றார்.

அருமைநாதன் விரல் மடித்தார்.
மூன்றாவது விரலில் நிறுத்தி
என்னைப் பார்த்தார்:
"நாளோ?"

அந்த ஓகாரத்துக்கு என்னிடம் ஜெர்மன் இல்லை,
பிரெஞ்சும் இல்லை.
இல்லாமலே வாய் திறந்தேன்.