கறுப்பும் சாம்பலும்

செவ்வாய்ப்பேட்டையில் என் வேலை
வெள்ளிக்கு டச் சொல்வது.
கல்லில் ஓர் இழுப்பு, ஒரு சொட்டு அமிலம்.
அறுபத்தெட்டா எழுபதா என்று
கோடு நிறம் மாறுவதற்குள் சொல்லிவிடுவேன்.
மெஷின் பிற்பாடு ஆமோதிக்கும்.
கொலுசு வியாபாரிகளுக்கு முகம் சுருங்கும்.

அந்தத் திமிரில்தான்
ஐந்து ரோடு கடையில் இரண்டு டாக்கையும்
திங்கட்கிழமை வரை கடனாகக் கேட்டேன்.
"ரெண்டுலயும் ஒரே சிப்புதாங்க மேடம்" என்றார் அருளப்பன்.
"கேட்டுப் பாத்தாத் தெரியும்" என்றேன்.

எண்ணைக் குரலாக்கும் பெட்டி,
இரண்டும் சோப்புக்கட்டி அளவு.
கறுப்பின் இரைச்சல் மைனஸ் நூற்றுப் பதினெட்டு டெசிபல்,
சாம்பலுடையது நூற்று இருபத்தொன்று.
அந்த மூன்று டெசிபலுக்கு
ஆயிரத்து எழுநூறு ரூபாய் கூட.

எங்கள் சந்திலோ
பாலிஷ் மோட்டார் ஒன்பது மணி வரை ஓடும்.
அது நின்றால் எதிர்ப் பட்டறையில்
சலங்கை முத்தைச் சல்லடையில் உருட்டுவார்கள்.
அதுவும் நின்றால்
ஃப்ரிட்ஜ்.

சனிக்கிழமை இரவு ஃப்ரிட்ஜையும் அணைத்தேன்.
பால் திரிந்தால் திரியட்டும்.

கட்டித் தொங்கவிட்ட போர்வைக்குப் பின்னால் சித்தேஸ்வரன்.
நாணயம் சுண்டுவான்: தலை கறுப்பு, பூ சாம்பல்.
மாற்ற வேண்டாத போதும்
வயரைப் பிடுங்கிச் செருகுவான்,
அந்தச் சத்தத்தை வைத்து நான் கண்டுபிடிக்கக் கூடாதாம்.
நடுநடுவே தட்டுவடை செட் நொறுங்கும் சத்தம் வேறு.
"மெல்லாத" என்றேன்.
"அப்படியே முழுங்கவா?" என்றான்.

வைத்தது ஒரே பதிவு.
ஏதோ கல்யாண மண்டபத்தில் பிடித்த நாகஸ்வரம், நான்கு நிமிடம்.
முதல் முறை: சாம்பல், சந்தேகமே இல்லை, மேலே காற்றோட்டம் இருக்கிறது.
இரண்டாம் முறை: கறுப்பு, அடியில் கனம்.
ஏழாவது முறை நாக்கு உலர்ந்தது.

இருபதுக்குப் பதினொன்று சரி.
"நாணயத்தையே கேட்டிருந்தா பத்து சொல்லியிருக்கும்" என்றான்.
"உனக்கு ஒண்ணு கூட."

தூக்கம் வரவில்லை.
கல்லும் நானே, உரசுகிற வெள்ளியும் நானே என்றால்
கோடு எங்கே விழும்?

ஆனால் பதினான்காவதோ பதினைந்தாவதோ,
ஆலாபனை மேலேறுகிற இடத்தில்
யாரோ ஓர் இரும்பு நாற்காலியை இழுக்கிறார்.
மூன்று வருடமாகக் கேட்கிற பதிவு.
அந்த நாற்காலி அதுவரை என் வீட்டுக்குள் வந்ததில்லை.
வாசிப்பவர் நிறுத்தவில்லை.
சுரத்தை இன்னும் அரைக்கணம் பிடித்து வைத்திருந்து
இழுத்தவர் உட்காரும்வரை காத்து
அப்புறம் இறங்குகிறார்.
கறுப்பிலும் இறங்குகிறார். சாம்பலிலும்.
ஞாயிறு காலை சோதித்தேன்,
பழைய லேப்டாப்பின் ஓரத்து ஓட்டையிலும்
இறங்கத்தான் செய்கிறார்.

சரி, இரண்டையும் திருப்பிவிடலாம் என்று
அட்டைப்பெட்டிகளை எடுத்தால்
கறுப்பின் மூடியில் ஐந்து விரல்,
பீட்ரூட் சிவப்பில், ஓரத்தில் பச்சைச் சட்னியோடு.
ஈரத்துணியால் தேய்த்தேன். பரவியது.
அமிலக் குப்பியைக்கூட ஒருமுறை பார்த்தேன்.

திங்கட்கிழமை
சாம்பலைக் கவுண்டரில் வைத்துவிட்டு
கறுப்புக்குப் பணம் எண்ணினேன்.
அருளப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"அப்போ, வித்தியாசம் தெரிஞ்சுதுங்களா?"

"நாற்காலி" என்றேன்.

பில்லில் எழுதப் போன பேனா
ஒரு கணம் நின்றது.