நாலரைப் பவுன்

தாம்பரத்திலிருந்து பார்சல் பஸ்ஸில்
தயிர் டப்பாவுக்குள் வந்தாள்.
மூடியில் ஊசித் துளைகள். ஈரத் துணி.
மடிப்புக்குள் புழுங்கிய நெல்லின் நிறத்தில்
ஒரு பல்லி.
கண்ணுக்கு மேலே இமைமுடி போல முள்வரிசை,
இமை மட்டும் இல்லை.
தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொண்டு
கூறைநாட்டைப் பார்த்தாள்.
சம்பா என்று பேர் வைத்தேன்.

“சுவத்துல இல்லாத பல்லியா?”
மாடிவீட்டு குமுதினி கேட்டாள்.
இருக்கின்றன, ஏழெட்டு.
அவற்றுக்கு வால் போனால் முளைக்கும்.
இவளுக்குப் போனால் போனதுதான்.
அதனால் பிடிக்கக் கூடாது,
கையை நீட்ட வேண்டும், அவளே ஏறட்டும்.
குதிப்பாள். அடுத்த கையை வை.
குதிப்பாள். அடுத்த கை.
எனக்கு இருப்பது இரண்டு கை என்பது
அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

அகலத்தைவிட உயரமான கண்ணாடிப் பெட்டி,
அடியில் தேங்காய் நார்த்தூள்,
குறுக்கே ஒரு கொய்யாக் கிளை.
அந்தி சாய்ந்ததும் தண்ணீர் தெளிப்பு;
விடிவதற்குள் காய்ந்திருக்க வேண்டும்.
பழமாவைக் கரைப்பது
தோசை மாவுக்கும் மோருக்கும் இடையில் ஒரு பதம்.
தையில் வந்தவளுக்கு மாசிவரை
இவ்வளவுதான் வேலை.

பிறகு கத்தரி.
இருபத்தெட்டு டிகிரிக்கு மேல் துவண்டுவிடுவாளாம்.
மாயவரம் முப்பத்தொன்பதில் நின்றது.
ஆற்றில் மணல் கொதித்தது.
மின்சாரம் போன மதியங்களில்
ஐஸ் பாட்டிலைத் துண்டில் சுற்றிப்
பெட்டிமேல் வைத்து, உருக உருக மாற்றி,
ஆபீசுக்கு மூன்று நாள் லீவு சொல்லி,
கடைசியில் தவணையில் ஏ.சி. வாங்கினேன்.
அன்றிரவே அம்மா பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.
பல்லிக்குப் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றவள்.

நகைக்கடன் கம்பெனியில் நான் மதிப்பீட்டாளர்.
சாயங்காலம் ஷட்டர் பாதி இறங்கியதும்
தராசில் சம்பா.
“முப்பத்தஞ்சு கிராமுக்குக் கீழ
ஆணோட விட்றாதீங்க, முட்டை போட்டே செத்துடும்”
என்றிருந்தான் தாம்பரத்து ரோஷன்.
எனக்குக் கணக்கு பவுனில்தான் ஓடும்.
ஆவணியில் மூன்றேகால்.
கார்த்திகையில் மூன்றே முக்கால்.
நாலரை ஆகட்டும், முழுசாக.

எனக்குக் கேட்டது இருபத்தைந்து.
பதினெட்டில் நின்றது.
கூடத்தில் காபி ஆறிக்கொண்டிருந்தது, எழுந்து போனார்கள்.
பெண்ணின் உடம்புக்காகப்
பெண்ணை நிறுத்த தராசு
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மாசிக் கடைசியில் நாலரை.
பங்குனியில் தாசில்தாரை விட்டேன்:
வாலில்லாதவன், சாப்பாட்டில் குறியானவன்.
இரவெல்லாம் கீச்சும் சலசலப்பும்.
ஐந்தாம் நாள் பிரித்துவிட்டேன், அவள் பிடரியில் பல்தடம்.
மாவில் சுண்ணாம்புச் சத்தைக் கூட்டினேன்.

சித்திரையில் ஒரு காலை
மூலையில் நார்த்தூள் கிளறிக் கிடந்தது.
தோண்டினால்
பெரிய மொச்சை போல் இரண்டு.
புரட்டக் கூடாது;
நகை உறையில் எண் எழுதும் பென்சிலால்
மேல்பக்கம் ஒரு புள்ளி.
செல்போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்,
ஒன்றில் சிவப்பாய் ஒரு வளையம்,
மற்றதில் வெறும் மஞ்சள்.
மஞ்சளைப் பத்தாம் நாள் பூஞ்சை தின்றது.

எழுபத்து நான்கு நாள்.
பாலத்தில் ஊரே நின்று
வந்துசேர்ந்த தண்ணீரைப் பார்த்த அன்று
நான் டப்பா மூடியைத் திறந்து பார்த்தேன்,
நேற்றுப் பார்த்ததே போல முட்டை.
மறுநாளும்.
அதற்கு மறுநாள் அது பிளந்து கிடந்தது,
பக்கத்தில் ஒரு விரல்நீளம்
தன் முதல் தோலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது.

பதினைந்து நாள் விட்டுத் தராசுக்குக் கொண்டுபோனேன்.
ஒன்று புள்ளி நாலு. ஒன்று புள்ளி ஆறு.
“கால் பவுன்கூட இல்லம்மா,
இதுக்குக் கடன் தர முடியாது”
என்றார் மேனேஜர் லாரன்ஸ்.
அவர் சிரித்து முடிப்பதற்குள்
தராசு பூஜ்யம் காட்டியது.

பாதி ஷட்டருக்குக் கீழே தெருவெளிச்சம்.
இருவரும்
காலைத் தூக்காமல் நின்றோம்,
ஆளுக்கு ஒரு கையை நீட்டிக்கொண்டு.