நீ கேப்

டவுன்ஹால் ரோட்டில் முந்நூற்று நாற்பது ரூபாய்.
பில் இன்னும் இருக்கிறது.
ரெண்டு நாள் என்று வாங்கிப்போன மதினா
ரெண்டு மாதம் கழித்து
துவைத்து, மடித்து, கவரில் போட்டுத் தந்தாள்.

"திருப்பித்தான் தந்துட்டாளே, அப்புறம் என்ன?"
பைக்காரா ஷட்டில் கோர்ட்டில்
கோதாவரி அக்கா வழக்கை முடித்துவிட்டார்.
தன் ராக்கெட் உறை யாரிடம் என்றே தெரியாத ஜெசிந்தா மட்டும்
என் பக்கம்.

என்னவென்று சொல்ல?
கிழிசல் இல்லை, கறை இல்லை.
அவள் முழங்காலைப் பழகிக்கொண்டு வந்திருக்கிறது,
என் காலில் நிற்கமாட்டேன் என்கிறது.

பதினோரு நாளாக
வலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.
ஸ்கோர் சொல்லக்கூட மூன்றாம் ஆள்.

நேற்று, பதினெட்டுக்குப் பதினெட்டு.
முந்தின பந்துக்கு எம்பியதில் நழுவி
கணுக்காலில் கிடந்தது அது.
சர்வீஸ் அவளுக்கு.
அடித்திருந்தால் பாயிண்ட்.

அவள் இறகுப்பந்தை
விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
ஒடியாத இறகை நீவிக்கொண்டே இருந்தாள்,
நான் குனிந்து, இழுத்து, ஊக்கு குத்தி
நிமிரும்வரை.

பிறகு போட்டாள்,
பின்கோட்டு மூலையில்,
எடுக்கவே முடியாதபடி.