மூன்று மணி உருளைக்கிழங்கு

ஸ்டீராய்டு தொடங்கிய ஐந்தாம் இரவு
பசியோடு எழுகிறான் என் மகன்.
அழுகை இல்லை, அதிகாரம்.
"உருளைக்கிழங்கு. உருண்டையாய். உடையக் கூடாது.
மேலே பச்சையாய் எதையும் தூவாதே."

போன மாதம் வரை
ஒரு கரண்டி சூப்புக்காக
வீடு முழுக்க என்னை மண்டியிட்டு நடக்கவைத்தவன்.
நான்கு வயது கயெத்தான்.
இப்போது தட்டை விரலால் துடைத்து நக்குகிறான்,
முகம் உப்பி,
யாரோ ஒரு சின்ன நகராட்சித் தலைவரைப் போல.

அவன் நிஜமாய்க் கேட்பது உப்பிலிட்ட வெள்ளரிக்காய்.
வீட்டு அலமாரியில் ஒன்பது ஜாடி இருக்கிறது.
இங்கே அதற்கு அனுமதி இல்லை,
அணுக்கள் ஏறும்வரை.
அணுக்கள் என்றால் என்ன என்றான்.
எனக்குத் தெரிந்தது டிராம் ஒன்றுதான்.
"டிப்போவில் வண்டி இல்லை,
வந்ததும் எல்லா வழித்தடமும் ஓடும்" என்றேன்.
இன்றைய எண்ணிக்கை சுழியம் புள்ளி ஒன்று.
யோசித்துவிட்டுக் கேட்டான்:
"அப்படியென்றால் ஒரு வண்டி இருக்கிறது,
ஆனால் அதில் டிரைவர் இல்லையா?"

தலையணையில் உதிர்ந்த முடியை
கோட்டுத் தூசி எடுக்கும் பசை உருளையால் எடுக்கிறேன்.
பிடுங்கிக்கொண்டு
என் தலையிலும் உருட்டிப் பார்க்கிறான்.
"உனக்கு வரவே இல்லையே" என்கிறான்,
பரிதாபப்பட்டு.

பதினொரு வருஷம் அச்சுக்கு கிரீஸ் போட்ட கை என்னுடையது.
முதல் நாள் நர்ஸ் ஹலினா
என் நகக்கண்ணைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தாள்.
தேய்த்துத் தேய்த்து இன்று வெளுத்துவிட்டது.
விளக்கை அணைத்தபின் அவனைத் தடவும்போது
யாருடைய கையோ என்றிருக்கிறது.

சாயங்காலம் ஆறரைக்கு
போக்னா கைக்குழந்தையோடு எதிர்ப்புற நிறுத்தத்தில் நிற்பாள்.
மேலே வர குழந்தைக்கு அனுமதியில்லை.
நான்காம் மாடியிலிருந்து இவன் டார்ச் அடிப்பான்.
அவள் குட்டிக் கையைத் தூக்கிக் காட்டுவாள்.
அடுத்த டிராம் வரும், மறைக்கும்.
போன பிறகும் அவர்கள் அங்கேயே நிற்பார்கள்.
இன்று மூன்று டிராம்களை விட்டுவிட்டாள்.

வராண்டாக் கோடியில் சமையலறை.
ஒரே ஒரு மைக்ரோவேவ்.
எனக்கு முன்னால் ஏழாம் அறை லிலியானா
பால் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள்.
இங்கே யாரும் யாரையும்
எப்படி இருக்கிறான் என்று கேட்பதில்லை.
எத்தனை என்றுதான் கேட்போம்.
நான் கேட்கவில்லை.
அவள் பையனை நேற்று மதியமே
மேல்மாடித் தீவிர சிகிச்சைக்கு உருட்டிக்கொண்டு போனதை
கதவிடுக்கில் பார்த்திருந்தேன்.
அங்கே குழாய் வழியாகத்தான் எல்லாம்.

மணி அடித்தது. கோப்பையை எடுத்தாள்.
அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"பழக்கம்" என்றாள்.
என் கிழங்குகளை உள்ளே வைத்தேன்.
நாலு நிமிஷம்.
அவள் அந்தப் பாலை
நின்றபடியே குடித்தாள்,
மருந்து குடிப்பதுபோல், கடைசிச் சொட்டு வரை.
பிறகு உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள்.
"கொஞ்சமாய்ப் போடு,
உப்பு போட்டால் இன்னும் கேட்பார்கள்."

திரும்பி வந்தபோது
பம்ப் கத்திக்கொண்டிருந்தது.
எந்தப் பொத்தான் என்று அவனுக்குத் தெரியும்,
ஆனால் விரல் அழுந்தவில்லை.
மருந்து நரம்பைத் தொட்டிருக்கிறது,
காலையில் கரண்டி இரண்டுமுறை விழுந்தது.
பயிற்சிக்கு வரும் பெண் ஒரு ரப்பர் பந்தைத் தந்து
அழுத்து என்றாள்.
பந்து அப்படியே இருந்தது.
அவன்தான் சிவந்துபோனான்.

ஐந்து கிழங்கு தின்றான்.
ஒன்று உடைந்திருந்தது, என்னைத் தின்னச் சொன்னான்.
ஆறாவதைக் கையில் எடுத்து
கடிக்காமலே தூங்கிவிட்டான்.

போர்வையில் ஒட்டும், எறும்பு வராத இடம்தான்,
ஆனாலும் ஹலினா காலையில் திட்டுவாள்.
மெல்ல விரல்களைப் பிரித்துப் பார்த்தேன்.

விடவில்லை.
இன்னொரு முறை இழுத்தேன், வேண்டுமென்றே.
நல்ல பிடி.