சுடாத பக்கம்

ஹல்துமுல்லைக் குழியிலிருந்து
சந்திரமோகன் கொண்டுவந்தது
காற்சட்டை மடிப்பில் ஒரு பிடி,
சப்பாத்துக்குள் ஒரு பிடி.
கண்ணாடி போன்ற தகடெல்லாம் லொறியில் போகும்.
எங்களுக்கு வந்தது
கழிவென்று ஒதுக்கிய காக்காப்பொன்,
தவிட்டு நிறத்தில் உதிர்கிற செதில்.

காஸ் கடைசியாக வாங்கிய மாதத்தை
ரசீதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பெயின்ட் தகரம், அதற்குள் ஒரு பால்மா டின்,
நடுவில் நாலு விரல் இடைவெளி.
அந்த இடைவெளிக்குத்தான் இத்தனை பாடு.

முதல் தடவை
செதிலைப் பச்சையாகவே
புற்றுமண்ணில் குழைத்து அடைத்தேன்.
தீ மூட்டி அரைமணி இருக்காது,
மண் விம்மி வெடித்துத்
தகரத்தின் வயிறு பிதுங்கியது.
பக்கத்துக் காம்பராப் புஷ்பகலா எட்டிப் பார்த்து
"அடுப்புக்கு இது எத்தனையாவது மாசம்?" என்றாள்.

இந்தக் கல்
வீங்க வேண்டியதை எல்லாம்
முன்கூட்டியே வீங்கித் தீர்க்க வேண்டும்.
பழைய தாச்சியில் போட்டு வறுத்தேன்.
ஒவ்வொரு செதிலும் நெளிந்தது,
புழு மாதிரி நீண்டது,
கைப்பிடி அளவு போட்டது
சுளகு நிறையக் கிடந்தது.
ஊதினால் பறக்கிறது,
கல்லென்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

மண் ஒன்று, பொரி மூன்று,
கஞ்சித்தண்ணி கைக்கணக்கு.
மழை விடாததால்
காயப் பதினொரு நாள்.

கவ்வாத்து மிலாறு நாலே குச்சி.
சோறு பொங்கிவிட்டது.
உள்ளே கண் கூசுகிற சிவப்பு,
வெளியே தகரத்தில்
பெயின்ட் கம்பெனியின் எழுத்துகூடக் கருகவில்லை.
உள்ளங்கையை வைத்தேன்.
எடுக்காமல் எண்ணினேன்,
நூறு வரைக்கும்.

அன்று ராத்திரி
கதவிடுக்கால் மூடுபனி நுழைந்து
காம்பராவுக்குள் உட்கார்ந்துகொண்டது.
பழைய அடுப்பு
பாதி விறகைச் சோற்றுக்கும்
பாதியை எங்களுக்கும் எரித்திருக்கிறது.
நான் புகையை மட்டுமே
கணக்கில் வைத்திருந்தேன்.
இது கஞ்சன்,
ஒரு பொட்டுச் சூட்டையும் வெளியே விடாது.
விதுஷன் எழுந்துபோய்
தகரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தான்.
"அம்மா, இது அணைஞ்சிருச்சு."
மூடியைத் தூக்கினால்
உள்ளே அத்தனை தணல்.

விடிந்ததும் மேலே இருந்து கரண்டியை விட்டுச்
சுரண்டி எடுத்தேன்,
பாய் விரிக்கிற பக்கம் மட்டும்,
ஒரு சின்ன முதுகின் அகலத்துக்கு.
பதினொரு நாள் காய்ந்ததை
ஒரு நிமிஷத்தில் கெடுத்தாய் என்று
சந்திரமோகன் கத்தினான்.

இப்போது ஆறு குச்சி பிடிக்கிறது.
பெயின்ட் எழுத்து
அந்தப் பக்கம் மட்டும் கறுத்திருக்கிறது.