ஒரு வரி இடம்

ஒருரோ மருத்துவமனைப் படிவத்தில்
'ஏற்கெனவே உள்ள நோய்கள்' என்ற இடத்தில்
ஒரே ஒரு வரிதான்.

"ஒன்றுமில்லை" என்கிறார் எவுசேபியோ,
அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு மூச்சு.

மனைவி பாஸிலியா விரல் மடக்குகிறாள்:
இருபத்தாறு வருஷம் வெள்ளீயச் சுரங்கம்.
சர்க்கரை.
ஒரு வருஷமாய் ஆறாத கால் புண்.
பிறகு, தயங்கி,
மாத்திரை வாங்காமல் விட்ட மாதங்கள்.

எட்டு நாள் முன்பு வந்த கிருமி
திறந்த வீட்டில் நுழைந்த நாய்.
கதவை அது திறக்கவில்லை.

செவிலி பொடி எழுத்தில் எழுதுகிறாள்,
ஓரத்தில் ஏற்றி, வளைத்து,
'தொழில்' என்ற கட்டம்வரை.

எக்ஸ்ரேயில்
இரண்டு நுரையீரலிலும் மலை,
வெள்ளையாக.

"இதில் எது புதுசு?"
பாஸிலியா கேட்கிறாள்.
மருத்துவர் பேனாவை நீட்டி
எங்கும் வைக்காமல் எடுத்துக்கொள்கிறார்.